25-க்கு 25 வாங்கியும் சான்றிதழ் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆன்லைன் படிப்பு என்றாலே மாணவர்களுக்கு அலட்சியம் என்று கல்லூரிகள் குறைபட்டுக்கொள்கின்றன. ஐ.ஐ.டி.களும் ஐ.ஐ.எஸ்.சி.யும் நடத்தும் என்.பி.டி.இ.எல். படிப்புகளை எடுத்துக்கொண்டால், அந்த அலட்சியம் எங்கே முளைக்கிறது என்பதை மதிப்பெண் கணக்கே சொல்லிவிடும்.

12 வாரப் படிப்பில் வாரம் ஒரு அசைன்மென்ட். அவற்றுள் சிறந்த 8-இன் சராசரிக்கு 25 மதிப்பெண். மையத்துக்கு நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75. அசைன்மென்ட்டில் 10, தேர்வில் 30 என இரண்டையும் தனித்தனியே எட்டினால்தான் சான்றிதழ். மொத்தத்தில் 40 வந்தால் போதும் என்றே பலர் நினைத்திருக்கிறார்கள். கெடு நாளன்று டெலிகிராமில் வரும் விடைகளைக் குறித்து 25-க்கு 25 வாங்கியவர், தேர்வில் 28 எடுத்தால் கூட்டுத்தொகை 53. ஆனாலும் தோல்வி, தேர்வுக்குக் கட்டிய 1,000 ரூபாயும் போச்சு. அடுத்த செமஸ்டரில் அவர் ஆன்லைன் படிப்பை மதிப்பாரா?

காப்பியடிப்பதற்குச் சோம்பல் மட்டும் காரணமல்ல. வாரத்துக்கு ஏறத்தாழ இரண்டரை மணி நேர வீடியோ இருக்கிறது. டைம்டேபிளில் அதற்கு ஒரு பீரியட்கூட ஒதுக்காமல், ‘ராத்திரி ஹாஸ்டலில் பார்த்துக்கொள்’ என்றால் இரட்டை வேகத்தில்தான் ஓடவிடுவார்கள். சூத்திரத்தைப் படிப்படியாக வருவிக்கும் டெரிவேஷன் உள்ள பாடத்தை அப்படிப் பார்ப்பதும் பார்க்காததும் ஒன்றுதான். ஒரு செமஸ்டரின் பாடங்களில் 40 சதவீதம் வரை, என்.பி.டி.இ.எல். படிப்புகளும் உள்ள மத்திய அரசின் ஸ்வயம் தளம் வழியாகப் படிக்க 2021-இலேயே யு.ஜி.சி. அனுமதித்துவிட்டது. அதற்குக் கிரெடிட் (பட்டத்துக்கான மதிப்புப் புள்ளி) தரும் கல்லூரிகள் நேரமும் தர வேண்டாமா?

வாரம் இரண்டு பீரியட் சேர்ந்தாற்போல், வைஃபை உள்ள லேபில், ஆசிரியர் உடனிருக்க நடக்கட்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வீடியோவை நிறுத்தி, அந்தக் கணக்கைத் தாளில் போடச் சொல்லலாம். கெடு முடியும்வரை அசைன்மென்ட் விடைகளைத் திருத்தித் திருத்தி அனுப்பலாம். கடைசியாக அனுப்பியதே கணக்கு. முடிந்தபின் சரியான விடைகள் வெளிவரும். தவறியவற்றை அடுத்த வகுப்பில் பதினைந்து நிமிடம் பேசினாலே தேர்வில் 30 எட்டாத உயரமல்ல. ஆங்கிலத்தில் தடுமாறுவோருக்காகப் பல படிப்புகளின் எழுத்துவடிவ உரை தமிழிலும் கிடைக்கிறது. அதைச் சொல்லத்தான் ஆளில்லை.

இன்னொன்று. சேர்வது இலவசம். தேர்வுக்குப் பணம் கட்டும் கெடு, படிப்பு தொடங்கிச் சில வாரம் கழித்தே வரும். வாட்ஸ்ஆப்பில் ஒரு பட்டியலைப் போட்டு அன்றைக்கே பணம் கட்டச் சொல்லாமல், இரண்டு வாரம் பார்த்துவிட்டு மாணவரே பாடத்தைத் தேர்ந்தெடுக்கக் கல்லூரிகள் விடட்டும்.

– பொறியியல் கல்லூரி ஆசிரியர்கள் சிலர், நாமக்கல்