கோவென்ட்ரியின் மர வீடுகளைக் குண்டு மட்டும் அழிக்கவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். 1940 நவம்பர் 14 இரவில் ஜெர்மன் விமானங்கள் ஊரின் மேல் குண்டு வீசியதைப் படிக்கையில் மனம் கனத்தது. ஆனால் அந்த ஊரின் பழைய மரச்சட்ட வீடுகள் எல்லாம் அந்த ஒரே இரவில் அழிந்தன என்று கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. பல ஆண்டுகளாக இந்த ஊரில் வாழ்பவன் நான்.

புட்சர் ரோ என்ற பழைய கடைத்தெரு 1936-லேயே தரைமட்டமாகிவிட்டது. இடித்தது ஊரின் சொந்த நகராட்சி. கார் தொழிற்சாலைகளால் ஊர் பெருத்தது, குறுகிய தெருக்களில் வண்டிகள் திணறின, அதனால் டிரினிட்டி தெரு என்ற அகலச் சாலையைப் போட்டார்கள். கீழே கடை, மேலே குடித்தனம், தெருவை எட்டிப் பார்க்கும் மாடிகள் என்று நின்ற வரிசை அதோடு போயிற்று.

என் அப்பா தச்சர். அதனால்தானோ என்னவோ, இந்த வீடுகளை வெறும் பழைய கட்டடமாகப் பார்க்க எனக்கு வராது. ஓக் மரச் சட்டங்களைத் துளையும் கழுந்துமாகப் பொருத்திப் பார்த்து, உளியால் அடையாளம் செதுக்கி, பிரித்துக் கொண்டுவந்து மனையில் நிறுத்துவார்கள். இறுக்குவதும் மர முளைதான். இடைவெளியில் குச்சிகளைப் பின்னி மண் பூசுவார்கள். பிரித்து மறுபடி கட்டக்கூடிய வீடு இது.

வில்லியம் ஃபோர்டு என்ற வணிகர் 1509-இல் முதியோர் தங்குவதற்காக நிறுவிய ஃபோர்ட்ஸ் ஹாஸ்பிடல் என்ற மரச்சட்ட இல்லத்தின் மேல் 1940 அக்டோபரில் குண்டு விழுந்தது, உள்ளே இருந்தவர்கள் இறந்தார்கள். போருக்குப் பின், மிஞ்சிய பழைய மரங்களைக் கொண்டே அதை மீண்டும் எழுப்பினார்கள். இன்றும் நிற்கிறது. குண்டு விழுந்த வீட்டையே மீட்க முடிந்தது. அப்படியிருக்க, குண்டுக்குத் தப்பியவை ஏன் போக வேண்டும்? புதிய நகர மையத்துக்காகவும் சுற்றுச்சாலைக்காகவும் போயின. அந்தச் சுற்றுச்சாலை ஸ்பான் தெரு என்ற பழைய தெருவையே இரண்டாக வெட்டியது. மச் பார்க் தெரு போன்ற இடங்களில் இருந்த சில வீடுகளை மட்டும் பிரித்து ஸ்பான் தெருவில் நிறுத்தினார்கள்.

குண்டுவீச்சில் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் மாண்ட துயரத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. நகராட்சி எடுத்த முடிவுகளின் பழியையும் குண்டின் மேல் போட வேண்டாம் என்றுதான் கேட்கிறேன். அடுத்த இதழில் ஒரு திருத்தம் வெளியிடுங்கள். 1936 என்ற ஆண்டு அதில் இருக்கட்டும்.

ஒரு வாசகர்,
கோவென்ட்ரி