ஸ்பிரிங்குக்கு அடியில் வாஷரா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கார் அணிவகுப்பு பற்றித் தங்கள் ஞாயிறு இதழில் வந்த செய்தியில், ஆயில் பிரஷர் குறைந்தால் ரிலீஃப் வால்வு ஸ்பிரிங்குக்கு அடியில் இரண்டு வாஷர் போட்டால் போதும் என்று ஒருவர் சொன்னதாக இருந்தது. அதை நம்பி எத்தனை பேர் ஸ்பானரைத் தூக்கியிருப்பார்களோ! அம்பத்தூரில் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். பெருங்களத்தூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்று, அப்பா வாங்கியது, எங்கள் வீட்டில் இன்னும் ஓடுகிறது.

பம்ப் தள்ளும் ஆயிலின் அழுத்தம் எல்லை மீறினால், ஸ்பிரிங்கை அமுக்கித் திறந்து மிச்சத்தை இன்ஜினுக்கு அடியில் இருக்கும் ஆயில் தொட்டிக்கே (சம்பு) அனுப்புவதுதான் அந்த வால்வின் வேலை. வாஷர் போட்டால் அந்த எல்லைதான் உயரும். சித்திரை வெயிலில் கத்திப்பாரா நெரிசலில் நிற்கும்போது ஆயில் பிரஷர் விளக்கு மினுக்கினால், அழுத்தம் அந்த எல்லையை எட்டவில்லை என்பதால் நல்ல வால்வு மூடியேதான் இருக்கும். பேரிங் தேய்ந்த இன்ஜினுக்கு வாஷர் என்ன செய்துவிடும்? காலையில் ஆயில் கெட்டியாக இருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் பிரஷர் எகிறி ஃபில்டர் கேஸ்கெட் பிதுங்கும், அவ்வளவுதான்.

அதற்காக வால்வைத் தொடவே கூடாது என்றில்லை. இன்ஜினை இறக்கச் சொல்லும் மெக்கானிக்கிடம் முதலில் வால்வைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். ஹெரால்டில் ஆயில் பிரஷரைக் காட்டும் கேஜ் கிடையாது, விளக்கு மட்டும்தான். அதன் சுவிட்சைக் கழற்றி அந்த ஓட்டையில் ஒரு கேஜை மாட்டலாம். சூடான இன்ஜினில் 1000 ஆர்பிஎம்முக்கு (நிமிடத்துக்கு 1000 சுற்று) சதுர அங்குலத்துக்கு 10 பவுண்டு அழுத்தம் என்பது பழைய மெக்கானிக்குகளின் கணக்கு. எந்த வேகத்திலும் முள் ஏறவில்லை என்றால், வால்வு அழுக்கில் சிக்கித் திறந்தே நிற்கலாம்.

பிளாக்கின் வெளியே இருக்கும் நட்டைக் கழற்றினால் ஸ்பிரிங் வந்துவிடும். ஸ்பிரிங் அழுத்திப் பிடிக்கும் பிளஞ்சர், அதாவது வழியை அடைக்கும் துண்டு, வர அடம்பிடித்தால் காந்தத்தால் இழுக்க வேண்டும், ஸ்க்ரூடிரைவரால் நெம்பக் கூடாது. மண்ணெண்ணெயில் கழுவிப் பாருங்கள். பிளஞ்சர் உட்காரும் தடம் சுற்றிலும் சீராக இருக்க வேண்டும்; ஒரு பக்கம் மட்டும் பளபளத்தால் ஆயில் கசிகிறது. ஸ்பிரிங்கை இழுத்து நீட்டுவது கெட்ட பழக்கம். பழைய கார் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் கிடைக்கும் ஸ்பிரிங்குகள் எல்லாம் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும், அளந்து பார்க்க வெர்னியர் காலிப்பர் இல்லாமல் போகாதீர்கள்.

வாஷரில் கவனம் வேண்டியது நட்டுக்கு அடியில். அங்கே தடிமனான செம்பு வாஷர் போட்டால் நட் வெளியே தள்ளி நின்று ஸ்பிரிங் தளரும், பிரஷர் இன்னும் குறையும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டர்னர்,
நங்கநல்லூர், சென்னை.