17 மணி நேரக் கணக்கு சரியில்லை

ஆசிரியருக்கு வணக்கம். ஞாயிறு பயணப் பக்கத்தில் சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் 15,349 கிலோமீட்டர், விமானம் மணிக்கு 900 கிலோமீட்டர் போகும், ஆகவே 17 மணி நேரப் பயணம் என்று போட்டிருந்தீர்கள். அதை நம்பி என் மனைவி நியூஜெர்சியில் இருக்கும் மகளிடம் விடியற்காலை நாலு மணிக்கெல்லாம் ஏர்போர்ட்டுக்கு வந்துவிடு என்று சொல்லிவிட்டாள். டிக்கெட்டைப் பார்த்தால் பதினெட்டரை மணி நேரத்துக்கும் மேல்!

தூரம் சரிதான். வீட்டில் உலக உருண்டை இருந்தால் இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள், நூல் ஏறக்குறைய வட துருவத்தின் மேலேயே போகும், அந்த நூலின் நீளம்தான் நீங்கள் போட்ட 15,349. ஆனால் விமானம் அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போவதில்லை. போகும்போது பெரும்பாலும் பசிபிக் வழியாக, திரும்பும்போது அட்லாண்டிக்கும் ஐரோப்பாவும் தாண்டி. அதாவது இரண்டு முறையும் கிழக்கு நோக்கியே பறந்து, போய்வருவதற்குள் உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றி விடுகிறோம். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்று அடிக்கிறது, குளிர்காலத்தில் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டுவதும் உண்டு. அது முதுகைத் தள்ளினால் சுற்றிப் போவதே லாபம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவது எல்லாம் வேறு இருக்கிறது. 900-ஆல் வகுத்தால் இதெல்லாம் எங்கே வரும்?

தேதிக் கணக்கு இன்னும் வேடிக்கை. இங்கே நள்ளிரவு தாண்டிக் கிளம்பினால் அதே தேதி காலையில் அங்கே இறங்குகிறோம். திரும்பும்போது திங்கள் இரவு ஏறினால் புதன் விடிகாலைதான் நம் சாங்கி விமான நிலையம், செவ்வாய்க்கிழமையைக் காணோம்.

அப்புறம், இந்த நேரடி விமானத்தில் சாதாரண எக்கானமி இருக்கையே கிடையாது என்பதையும் நீங்கள் எழுதவில்லை. 161 இருக்கை, அதில் 67 பிசினஸ், மற்ற 94-உம் பிரீமியம் எக்கானமி. அவ்வளவு தூரத்துக்கு எரிபொருள் சுமக்க வேண்டுமே, ஆளைக் குறைத்துத்தான் ஆகவேண்டும். 2004-இல் தொடங்கிய நேரடிச் சேவை 2013-இல் நின்றுபோனதற்கும் நாலு எஞ்சின் விமானம் குடித்த எரிபொருள்தான் பெரிய காரணம். 2018-இல் ஏர்பஸ் ஏ350-இன் நெடுந்தூர ரகம் வந்த பிறகுதான் மறுபடி ஓடுகிறது. எங்களைப் போல் விலை பார்க்கிறவர்கள் பிராங்பர்ட்டில் இறங்கி ஏறிப் போகலாம். அந்த வழியில் எதிர்க்காற்று, நடுவில் காத்திருப்பு எல்லாம் சேர்த்து ஏறத்தாழ ஒரு முழு நாள். போன தடவை அப்படித்தான் போனோம், என் கால் வீக்கம் வடிய இரண்டு நாள் ஆனது.

ஆகவே அடுத்த முறை தூரத்தை வேகத்தால் வகுக்காமல், கால அட்டவணையில் உள்ள நேரத்தைப் போகவும் வரவும் தனித்தனியாகப் போடுங்கள். நாலு மணிக்கு வரச் சொன்னதை மகளிடம் மாற்றிச் சொல்லிவிட்டோம்.

ஒரு வாசகர்,
ஈசூன், சிங்கப்பூர்