இசைக்குழுவின் இணையதளத்துக்கும் நிற ஒழுங்கு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இசைக்குழுக்களின் இணையதளங்கள் பற்றித் தங்கள் நாளிதழின் கலைப் பக்கத்தில் வெளியான கட்டுரையைப் படித்தேன். நல்ல ஒளிப்படங்களும் பாடல்களும் இருந்தால் போதும், நிறம் முதலான மற்றவை எல்லாம் வெறும் அலங்காரமே என்ற கருத்து அதில் இடம்பெற்றிருந்தது. இத்தகைய தளங்களை வடிவமைத்துத் தரும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் என்னால் அதை ஏற்க இயலவில்லை.

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் 1997-இல் தொடங்கி 2011-இல் கலைந்த 'தி ஒயிட் ஸ்ட்ரைப்ஸ்' குழுவில் இருந்தவர்கள் இரண்டே பேர். உடை, இசைக்கருவி, ஆல்பம் அட்டை என எல்லாவற்றிலும் சிவப்பு, வெள்ளை, கறுப்பு ஆகிய மூன்று நிறங்களையே அவர்கள் பிடிவாதமாகக் கையாண்டதால், பாடல் ஒலிக்கும் முன்பே ரசிகர்களுக்கு அவர்களை அடையாளம் தெரிந்தது. இந்தக் கட்டுப்பாடு இன்று பல குழுக்களின் தளங்களில் முகப்புப் பக்கத்தோடு முடிந்துவிடுகிறது.

அண்மையில் சீரமைப்புக்காக என்னிடம் வந்த ஒரு தளத்தையே எடுத்துக்கொள்ளலாம். முகப்பில் ஆல்பம் அட்டையின் அடர்சிவப்பு இருந்தது. நிகழ்ச்சிப் பட்டியலில் அதுவே ஆரஞ்சு கலந்த சிவப்பாக மாறியிருந்தது. நுழைவுச்சீட்டுப் பொத்தான் மட்டும் நீலம். டி-ஷர்ட் விற்கும் பக்கம் வேறொரு சேவையின் ஆயத்த வார்ப்புருவில் வெள்ளை வெளேரென்று நிற்க, மற்றப் பக்கங்களின் கறுப்புப் பின்னணியில் குழுவின் லோகோ ஒரு வெள்ளைக் கட்டத்துக்குள் ஒட்டுப்போட்டதுபோல் தெரிந்தது. பணம் செலுத்தும் இடத்தில் நிறம் திடீரென மாறினால், வேறு யாருடைய தளத்துக்கோ வந்துவிட்டோமோ என்று ரசிகர் தயங்குவது இயல்பு.

இதற்கு ரசனைக் குறைவு காரணமன்று. ஒவ்வொரு பக்கத்தையும் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு கைகள் செய்கின்றன. ஒவ்வொருவரும் ஏதேனும் ஒரு மேடைப் படத்திலிருந்து கண்ணுக்குப் பட்ட சிவப்பை எடுத்துக்கொள்கிறார்கள். மேடை விளக்கொளியில் எடுத்த படத்தில் ஒரே துணி பத்து விதமான சிவப்பாகத் தெரியும் என்பதை நினைத்துப் பார்ப்பதில்லை. திரையில் ஒரு நிறம் என்பது சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றின் அளவு. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. அந்த அளவைக் குறிக்கும் ஆறு இலக்கக் குறியீட்டை முதலிலேயே முடிவுசெய்து, தளத்தின் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ் கோப்பில் ஒரே இடத்தில் மாறியாக, அதாவது ஒரு பெயரிட்டு, எழுதி, எல்லாப் பக்கங்களும் அதையே எடுத்தாளச் செய்தால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். படங்களைப் பொறுத்தவரை, அடோபி ஆர்ஜிபி என்ற விரிந்த வண்ணவெளியில் (காட்டக்கூடிய நிறங்களின் வரம்பில்) எடுத்தவற்றை அப்படியே ஏற்றாமல், இணையத்தின் பொது வண்ணவெளியான எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றிய பிறகே ஏற்ற வேண்டும். எந்த வண்ணவெளி என்று சொல்லும் நிறவிவரம் இல்லாமல் அப்படியே ஏற்றினால் அவை உலாவியில் வெளிறித் தெரியும்.

ஒழுங்கு என்றதும் எல்லாவற்றையும் ஒரே நிறத்தில் முக்கி எடுப்பதும் தவறு. கறுப்பின்மேல் அடர்சிவப்பு எழுத்து ராக் குழுக்களுக்கு மிகவும் பிடித்த சேர்க்கை. ஆனால் சாதாரண அளவு எழுத்துக்கும் அதன் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5-க்கு 1 என்ற ஒளி வேறுபாடு வேண்டும் என்று, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் அணுகல் வழிகாட்டி கூறுகிறது. 8B0000 என்ற குறியீடு கொண்ட அடர்சிவப்பைக் கறுப்பின்மேல் வைத்தால் கிடைப்பதோ ஏறத்தாழ 2-க்கு 1. நிகழ்ச்சி நாளையும் அரங்கின் பெயரையும் இந்த நிறத்தில் எழுதினால், பார்வை மங்கியவர்களும் வெயிலில் நின்று கைபேசியைப் பார்ப்பவர்களும் அவற்றைப் படிக்கவே முடியாது. ஆகவே அடர்சிவப்பைப் பட்டைக்கும் பின்னணிக்கும் ஒதுக்கிவிட்டு, எழுத்தை வெள்ளையாக வைப்பதையே நான் எப்போதும் வலியுறுத்துகிறேன். குழுவின் அடையாளம் அதனால் சிறிதும் குறைவதில்லை.

தளத்தை வடிவமைப்பவரிடம் மட்டும் இந்தப் பொறுப்பை விட்டுவிட முடியாது. நுழைவுச்சீட்டு விற்பவர், கடை நடத்துபவர், சுவரொட்டி அச்சிடுபவர் ஆகிய அனைவருக்கும் பின்னணி நீக்கிய லோகோவையும் நிறக் குறியீடுகளையும் ஒரே பக்கத் தாளாகக் குழுவே தர வேண்டும். திரையில் மின்னும் நீலம் நான்கு வண்ண அச்சில் மங்கிவிடும் என்பதால், அச்சுக்கான அளவுகளை அத்தாளில் தனியே குறிப்பிடுவது அவசியம். தங்கள் கலைப் பக்கத்தில் இனி இசைக்குழுக்களின் தளங்களைப் பற்றி எழுதும்போது, முகப்போடு நின்றுவிடாமல் நுழைவுச்சீட்டு வாங்கும் பக்கம் வரை சென்று பார்த்து எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இணையதள வடிவமைப்பாளரான ஒரு வாசகர்