சைக்கிள் பாதைச் சந்திப்பில் வேகத்தடை

ஆசிரியருக்கு வணக்கம்.

சிங்கப்பூரின் பூங்கா இணைப்புப் பாதைகள் சாலையைக் கடக்கும் இடங்களில் வேகத்தடை அமைப்பதும் சாலையின் அகலத்தைக் குறைப்பதும் வீண் தொல்லை என்று வாகனமோட்டிகள் சிலர் கூறுவதை என்னால் ஏற்க இயலவில்லை. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் 40க்குக் குறைந்தால், பிரேக் பிடித்தபின் அது ஓடி நிற்கும் தூரம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சுருங்குகிறது. 30க்குக் குறைந்தால், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே மிஞ்சுகிறது. மூத்தோருக்கான சில்வர் ஸோன் சாலைகளில் 2014 முதல் நாம் ஏற்றுக்கொண்ட இந்த வேகக் குறைப்பு முறையை இங்கு மட்டும் மறுப்பது நியாயமன்று. சைக்கிளோட்டிகளும் சட்டப்படி நின்று, பார்த்த பிறகே கடக்க வேண்டும். ஆனால் புதரோ பலகையோ பார்வையை மறைத்தால், நின்றும் பயனில்லை. ஆகவே வேகத்தடை அமைக்கும்போதே அத்தகைய செடிகளையும் பலகைகளையும் அகற்ற அதிகாரிகள் ஆவன செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
சைக்கிளோட்டி ஒருவர்,
தெம்பனிஸ்