பாதியில் வைத்துவிட்டு எழுந்த கிண்ணம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த ஜப்பான் பயணக் கட்டுரையைப் படித்தேன். சுபாமே ஊரில் ராமென் என்ற நூடுல்ஸ் சூப் விற்கும் ஒரு சின்னக் கடைக்குப் போனதைப் பற்றிக் கட்டுரையாளர் ஒரே ஒரு பத்தி எழுதியிருக்கிறார். "மேலே முழுக்கக் கொழுப்பு மிதந்தது. பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தோம். டோக்கியோவில் சாப்பிட்டதுக்குப் பக்கத்தில்கூட வராது" என்று அந்தப் பத்தியை முடித்தும்விட்டார். நான் அந்த ஊரில் குடியிருப்பவன். அங்கே ஒரு எவர்சில்வர் பட்டறையில் வேலை பார்க்கிறேன். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

ஒருவருக்கு ஒரு சாப்பாடு பிடிக்காமல் போவது அவர் நாக்கைப் பொறுத்தது. அதில் நான் தலையிடவில்லை. ஆனால் அத்தனை தூரம் ரயில் ஏறி வந்தவர், அந்தக் கொழுப்பு ஏன் மிதக்கிறது என்று ஒரு வார்த்தை விசாரித்திருக்கக் கூடாதா?

சுபாமே எப்படிப்பட்ட ஊர் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. ஜப்பானில் தயாராகும் கரண்டி, முள்கரண்டிகளில் பெரும்பகுதி இங்கேதான் உருவாகிறது. நோபல் பரிசின் 90-ஆம் ஆண்டையொட்டி 1991-ல் நடந்த விருந்துக்குக் கரண்டிகள் இங்கிருந்துதான் போயின. பாட்டுக் கேட்கும் பழைய ஐபாடின் முதுகுப்பக்கம் முகம் பார்க்கும்படி மின்னியது நினைவிருக்கும். அந்த மெருகும் இந்த ஊர்ப் பட்டறைகளில் போட்டதுதான். ஆர்டர் குவிந்த காலத்தில் இங்கே ராத்திரி பகலாக மெஷின் ஓடியது. சாப்பிட வெளியே போக நேரமில்லாத தொழிலாளிகள் கடையிலிருந்து ராமெனைப் பட்டறைக்கே வரவழைத்தார்கள். வெளியே பனி கொட்டும் ஊர் இது. மெல்லிய நூடுல்ஸ் வந்து சேர்வதற்குள் ஊறிக் குழைந்துவிடும் என்பதால் தடிமனாகப் போட்டார்கள். சூப் ஆறிவிடும் என்பதால் மேலே பன்றியின் முதுகுக் கொழுப்பைத் தூவினார்கள், அது மூடிபோட்ட மாதிரி சூட்டைப் பிடித்து வைக்கும். உலைக்கும் மெஷினுக்கும் நடுவில் நின்று வேர்த்த உடம்புக்கு உப்பு கேட்டது, அதனால் சோயா சாஸும் தூக்கலாக விழுந்தது. அந்தக் கிண்ணத்தில் காரணமில்லாமல் வந்த பொருள் ஒன்றுமே கிடையாது, ஐயா.

கட்டுரையாளர் கொஞ்சம் கண்ணைத் திறந்து பார்த்திருந்தால் அடுப்படியிலேயே எல்லாம் தெரிந்திருக்கும். நெத்திலிக் கருவாட்டைக் கொதிக்கவைத்து இறக்கிய சூப்பின் வாசனை கதவைத் திறந்ததுமே வரும். வெந்து குழைந்த கொழுப்பைச் சல்லடையில் அள்ளி, கிண்ணத்துக்கு மேலே பிடித்துக் கடைக்காரர் படபடவென்று உதறுவார். ஜவ்வரிசி மணி மணியாக உதிர்வதுபோல் அது சூப்பின் மேல் விழும். அப்புறம் பொடியாக நறுக்கிய வெங்காயம், வேகவைக்காமல் பச்சையாகவே, ஒரு கை. கொழுப்பின் கனத்தை அந்த வெங்காயம்தான் முறிக்கும், கடிக்கக் கடிக்கத் தித்திப்பாகவும் இருக்கும். நூடுல்ஸை முதலில் அடியிலிருந்து புரட்டிவிட்டுச் சாப்பிட வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்தாலே இது தெரியும். இவ்வளவு கொழுப்பு வேண்டாம் என்றால் ஆர்டர் கொடுக்கும்போதே குறைத்துப் போடச் சொல்லலாம். முகம் சுளிக்காமல் செய்து தருவார்கள். அதையும் கேட்காமல், பாதிக் கிண்ணத்தை அந்தக் கடைக்காரப் பெரியவர் கண் முன்னால் வைத்துவிட்டு எழுந்து வந்ததைப் பெருமையாக எழுத எப்படி மனசு வந்தது?

படத்துக்குக் கீழே போட்ட குறிப்பு இன்னும் மோசம். வெங்காயமும் கொழுப்பு மணிகளும் கண்ணுக்கு எதிரே தெரிகின்றன, கீழே "ஹகாட்டா ராமென்" என்று அச்சடித்திருக்கிறீர்கள். ஹகாட்டா எங்கோ தெற்கே கியூஷூ தீவில் இருக்கிறது. அங்கே பன்றி எலும்பைப் பால் நிறம் வரும்வரை கொதிக்கவைத்த சூப், நேரான மெல்லிய நூடுல்ஸ். மீன் சந்தைக்காரர்களுக்குக் காத்திருக்க நேரமில்லாததால் சட்டென்று வேகும்படி அங்கே மெல்லிசாகப் போட்டார்கள் என்பார்கள். தீர்ந்தால் நூடுல்ஸை மட்டும் மறுபடி வாங்கி அதே சூப்பில் போட்டுக்கொள்ளலாம். இங்கே உள்ளதற்கு நேர் எதிரான பண்டம் அது. பற்றாததற்கு எங்கள் ஊரை "டோக்கியோவுக்கு அருகே ஒரு கிராமம்" என்று வேறு எழுதியிருக்கிறார். டோக்கியோவிலிருந்து ஷின்கான்சென் என்ற புல்லட் ரயிலில் வந்தாலே கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் ஆகும், ஐயா.

இது இன்று நேற்றுப் பிரச்சினையும் இல்லை. ஜப்பான் என்றால் தங்கள் இதழுக்கு டோக்கியோ, கியோட்டோ, செர்ரிப் பூ, இவ்வளவுதான். வருடா வருடம் அதே பூ, அதே கோயில் வாசல். சில வருடங்களுக்கு முன் வந்த ஒரு கட்டுரையில், நூடுல்ஸைச் சத்தம் வர உறிஞ்சிச் சாப்பிடுவது அநாகரிகம் என்று எழுதினார்கள். கொதிக்கக் கொதிக்கச் சாப்பிட அதுதான் வழி, வாசனையும் அப்போதுதான் ஏறும். விளக்கி எழுதினேன், கடிதம் வெளிவரவில்லை. ஜப்பான்காரர்களுக்குக் காரமே ஆகாது என்று இன்னொரு முறை வந்தது. சிபா கடற்கரையில் கட்சுவுரா என்ற ஊரில், குளிர்ந்த கடலிலிருந்து வரும் மீனவர்களுக்கும் முத்துக்குளிப்பதுபோல் மூழ்கிச் சிப்பி எடுக்கும் பெண்களுக்கும் உடம்பு சூடேற மிளகாய் எண்ணெய் சிவக்கச் சிவக்க ஊற்றிய நூடுல்ஸ் தருவார்கள். அதையும் எழுதி அனுப்பினேன். பதில் இல்லை. இந்தக் கட்டுரையில் ராமெனை நம்ம ஊர் பாக்கெட் நூடுல்ஸோடு சேர்த்துப் பேசியிருக்கிறார். பாக்கெட் நூடுல்ஸ் வந்தது 1958-ல். டோக்கியோ அசகுசாவில் ராமென் கடை புகழ்பெற்றது 1910 வாக்கில்.

விடுமுறை கிடைத்தால் நான் இதற்காகவே ஊர் ஊராகப் போகிறவன். கிட்டகாட்டாவில் காலை ஏழு மணிக்கே தட்டையான, நெளிநெளியான நூடுல்ஸுக்கு ஜனங்கள் வரிசையில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். வடக்கே அசாஹிகாவாவில், 1902 ஜனவரியில் மைனஸ் 41 டிகிரி பதிவான ஊரில், சூப்பின் மேல் பன்றி நெய் ஒரு படலமாக நிற்கும். எங்கள் ஊரில் உள்ள அதே காரணம்தான். வாகயாமாவில் மேஜை மேலேயே அவித்த முட்டையும் இலையில் சுற்றிய கானாங்கெளுத்தி சுஷியும் வைத்திருப்பார்கள். எத்தனை எடுத்தோம் என்று நாமே சொல்லிக் காசு கொடுக்க வேண்டும், யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. இதில் எது டோக்கியோ மாதிரி இருக்கிறது? ஏன் இருக்க வேண்டும்?

"மதியமே கடையைச் சாத்திவிடுகிறார்கள், வியாபாரம் தெரியாதவர்கள்" என்ற வரிக்கும் ஒரு வார்த்தை. சூப் தீர்ந்தால் கடை மூடும். விடியற்காலையில் அடுப்பு மூட்டி அன்றைக்கு வைத்த சூப் அவ்வளவுதான். தண்ணீர் ஊற்றிப் பெருக்கிச் சாயங்காலம்வரை விற்க அவர்களுக்குத் தெரியாமல் இல்லை, செய்ய மாட்டார்கள். மாவு விலையும் எரிவாயு விலையும் ஏறியும், ஆயிரம் யென்னைத் தாண்டினால் வாடிக்கையாளர் வர மாட்டார்களே என்று பல கடைக்காரர்கள் விலையை ஏற்றத் தயங்குகிறார்கள். பிள்ளைகள் நகரத்துக்குப் போய்விட, வயதானவர்கள் இருவராக நடத்தும் கடைகள் இங்கே நிறைய. ஒவ்வொன்றாக மூடிக்கொண்டும் வருகின்றன.

படத்தைப் பார்த்ததும் எந்தக் கடை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கேமராவுக்கு அனுமதி கொடுத்த அந்தப் பெரியவர், தன் கடை இந்தியப் பத்திரிகையில் வருகிறது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். தமிழ் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். இதழைக் கொண்டுபோனால் என்ன எழுதியிருக்கிறது என்று என்னிடம்தான் கேட்பார். அவரிடம் நான் எதைப் படித்துக் காட்டுவது?

கட்டுரையாளர் வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்றெல்லாம் கேட்கவில்லை. அடுத்த இதழில், எந்த மூலையில் என்றாலும் சரி, இரண்டு வரி போடுங்கள்: படத்தில் இருப்பது ஹகாட்டா ராமென் அல்ல, நிகாட்டா மாகாணத்துச் சுபாமே ராமென். அது அச்சாகும்வரை சென்ற இதழை அந்தக் கடைக்கு எடுத்துப் போகாமல் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
சுபாமே, நிகாட்டா, ஜப்பான்