முதலில் ரத்தம் எடுக்கும் கை

அன்பு நண்பா,

உங்கள் மருத்துவமனையில் நுண்ணுயிரியல் ஆய்வகம் வரப்போகிறது என்று படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. 2019இல் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவால் மட்டும் 12.7 லட்சம் பேர் இறந்ததாக லான்செட் இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது. இறப்பு விகிதம் மிக அதிகமாக இருந்தது மேற்கு ஆப்பிரிக்காவில். ஏழை நாடுகளில் என்ன கிருமி என்று தெரியாமலேயே மருந்து மாற்றுகிறார்கள் என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

எந்தக் கருவியை முதலில் வாங்குவது என்று கேட்டிருந்தாய். கருவி இருக்கட்டும், ரத்தம் எடுப்பவர்களை முதலில் பழக்கு. ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு, பெரியவர்களிடம் ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி ரத்தம் வேண்டும். பல நோயாளிகளிடம் ஒரு மில்லி ரத்தத்தில் ஒரு கிருமிகூட இருக்காது. 2 மில்லி அனுப்பினால் கிருமி இருந்தும் வளராமல் போகலாம், 'கிருமி இல்லை' என்று ரிப்போர்ட் போகும். முதல் டோஸ் ஆன்டிபயாட்டிக்குக்கு முன்பே, இரண்டு வெவ்வேறு இடங்களில் எடுக்கச் சொல். குளோர்ஹெக்சிடின் ஆல்கஹால் என்ற கிருமிநாசினி தடவிய தோல் நன்றாக உலர வேண்டும். அவசரப்பட்டால் தோலில் இயல்பாக வாழும் ஸ்டெஃபைலோகாக்கஸ் பாக்டீரியாதான் வளரும், அதைப் பார்த்து யாராவது வான்கோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கைத் தேவையில்லாமல் தொடங்கிவிடுவார்கள். இப்படிக் கலப்படமாவது 3 சதவீதத்தைத் தாண்டினால் மறுபடி பயிற்சி கொடு.

வளர்ந்த கிருமிக்கு எந்த மருந்து கேட்கும் என்று பார்க்க, மருந்து தோய்ந்த காகித வில்லைகளை வைக்கும் டிஸ்க் முறையே போதும், ஆனால் கிருமி வளரும் கூழான அகார் 4 மில்லிமீட்டர் கனம் இருக்கட்டும். தடித்தால் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வளையம் சுருங்கி, கேட்கும் மருந்தும் கேட்காததாகத் தெரியும். டிஸ்க் குப்பியைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த கையோடு திறக்காதே. ஈரம் கோத்தால் பெனிசிலின் வகை மருந்துகள் வீரியம் இழக்கும். கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக்கை மட்டும் டிஸ்க்கில் சோதிக்கவே வேண்டாம். அதன் மூலக்கூறு பெரிது, அகாரில் சரியாகப் பரவாது. அதற்கு, திரவ ஊடகத்தில் மருந்தைப் பல அளவுகளில் நீர்த்துக் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் முறைதான்.

ஒரு கிருமி வகைக்கு 30 நோயாளிகளின் முடிவாவது சேர்ந்த பிறகே எந்த மருந்து எத்தனை சதவீதம் கேட்கிறது என்று கணக்குப் போடு. ஒருவரிடம் பலமுறை வளர்ந்தாலும் முதலாவதை மட்டும் எண்ணு.

பச்சிளங்குழந்தை வார்டை நினைத்தால்தான் கவலை. ரத்தத்தில் தொற்று என்று சந்தேகித்தால் ஆம்பிசிலின், ஜென்டாமைசின் என்ற இரண்டு ஆன்டிபயாட்டிக்கையும் சேர்த்துத்தான் தொடங்குகிறோம். க்ளெப்சியெல்லா என்ற பாக்டீரியாவிடம் ஆம்பிசிலின் இயல்பிலேயே எடுபடாது. ஜென்டாமைசினும் தோற்றால் அந்தக் குழந்தைக்கு மருந்தே கொடுக்கவில்லை என்றுதான் அர்த்தம். அந்த வார்டின் கணக்கைத் தனியாக வை. அங்கே குழந்தைகளுக்கான சிறிய பாட்டில்கள் கிடைக்கின்றனவா? 1 மில்லியாவது எடுக்க முடிகிறதா? எழுது.

அன்புடன்,
உன் நண்பன்